ஏழாம் நம்பர் கம்பு

எங்கள் தோட்டத்து ஜாகாவுக்குப் பீடி, கள்ளு, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை வாயால் சொல்லிவிடுவார். யாரைப் பற்றிப் பார்த்தாரோ அவர் முகத்துக்கு நேரே, யாரும் கேட்காமலே சொல்வார். ஜாகா என்றால் காவல்காரர். தோட்டத்து ஸ்டோர் கேட்டில் காக்கி உடுப்பும் விசிலுமாகப் பகல் முழுக்க நிற்பது அவர் வேலை. பெரியவர்களுக்கு அவர் ஜாகா, என் போன்றவர்களுக்கு ஜாகா மாமா. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அதை வைத்து அவரைக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் கோலா சிலாங்கூர் டவுனிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தினது எங்களுடையது, கடைசி வீடு ஜாகாவுடையது. போன நாலாம் நாள் காலையில் நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மாமியார் நின்றிருந்தார். வேலைக்குக் கிளம்பிய ஜாகா சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டார்.

“மருமவளே, நேத்து சாயங்காலம் உங்க அத்த கொழாயடியில ஒன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்திச்சி.”

“என்ன மாமா சொன்னாங்க?” என்றேன். விவரம் பத்தாத வயசு.

“டவுனுப் பொண்ணுக்கு ரசம் வைக்கத் தெரியல, வெந்நி மாதிரி இருக்குன்னிச்சி. நான் கேட்டேன். அதான் சொல்றேன்.”

பெல்லை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார். நானும் அத்தையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் விளக்குமாற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் அத்தையே என்னைக் கூப்பிட்டு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை என்னிடமே சொல்லத் தொடங்கிவிட்டார்.

மற்றவர்களைத்தான் இப்படி மாட்டிவிடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் ஸ்டோர் கேட்டில் உட்கார்ந்தபடியே பத்து நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டாராம். பார்த்த ஆள் யாருமில்லை. நேரே ஆபீசுக்குப் போய் மானேஜர் முன்னால் சல்யூட் அடித்து, “தொர, ஜாகா டியூட்டியில தூங்கிட்டான்” என்றாராம். மானேஜர் பதறிப்போய், “எந்த ஜாகா?” என்று கேட்க, “நான்தான்” என்றாராம். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். தோட்டத்தில் திருட்டு இல்லாமல் போனதற்கு அவருடைய விசில் காரணமில்லை, வாய்தான் காரணம்.

இந்த மனுஷரிடம் பயத்தங்காய்க் கொல்லை ஒன்று இருந்தது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அது அவர் மனைவி வைத்த கொல்லை. கல்யாணமாகி வரும்போது ஈஜோக்கில் இருந்த தாய்வீட்டிலிருந்து அந்த அம்மா விதையை மடியில் முடிந்துகொண்டு வந்ததாம். கை நீளத்துக்கு மேல் தொங்கும் பச்சைக் காய், நுனியில் மட்டும் ஊதா நிறம். ஊதாமூக்கு என்று லயத்தில் பெயர். நாரில்லாமல் வெடுக்கென்று உடையும். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கினால் இன்னொரு தட்டு சோறு கேட்கும். நான் போவதற்கு நாலு வருஷம் முன்னால் அந்த அம்மா காய்ச்சலில் போய்விட்டது. மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. மனுஷருக்கு மண்வெட்டி சரியாகப் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் கொல்லையை விடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே முறையில் பார்த்துக்கொண்டார், காவல்காரர் முறையில்.

தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். பெரட்டு என்று சொல்வோம். ஜாகா தன் பயத்தங்கொடிக்குப் பெரட்டு எடுப்பார். காட்டிலிருந்து வெட்டி வந்த பதினாலு கம்பு, வரிசைக்கு ஏழாக ஊன்றி, உச்சியில் ரஃபியா கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும். வேலைக்குப் போகுமுன் காக்கி உடுப்போடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் கம்பிலிருந்து நடந்து வருவார். அவரே கூப்பிடுவார், அவரே பதில் சொல்வார்.

“ஒண்ணு... வந்தாச்சு. ரெண்டு... வந்தாச்சு. மூணு... பேன் புடிச்சிருக்கு. சாம்பல் தூவணும். நாலு... ஏய், நீ ஏன் அஞ்சுமேல ஏறுற? எறங்கு.”

இறங்கு என்று சொல்லிவிட்டு, கொடியின் நுனியைப் பிடித்து மெதுவாகத் திருப்பி அதன் கம்பிலேயே சுற்றிவிடுவார். எனக்குக் காலையில் எழுப்பிவிட வேறு ஆள் தேவைப்படவில்லை. சில நாள் அந்தப் பெரட்டைக் கேட்டுக்கொண்டே தோசை சுடுவேன். பதினாலு சொல்லும்போது சட்னி தாளித்து முடிந்திருக்கும்.

காய்க்கத் தொடங்கினால் தினமும் பறிக்க வேண்டும், ஒரு நாள் விட்டாலும் முத்திப்போகும். வெயில் ஏறுமுன் பறித்துவிடுவார். காம்போடு பிய்க்க மாட்டார். கட்டைவிரல் நகத்தால் காயை மட்டும் கிள்ளுவார். அதே காம்பில் மறுபடி பூ வரும் என்று அவர் மனைவி சொன்னதாம். பிறகு வீட்டுக்கு ஒரு கட்டு. வேண்டாம் என்று யாரும் தப்பிக்க முடியாது. தொடர்ந்து பதினைந்து நாள் பயத்தங்காய் தின்று என் வீட்டுக்காரர் ஒரு நாள், “எனக்கே நுனி ஊதாவா ஆயிடும் போல” என்றார். மறுநாள் ஜாகா என்னிடம் வந்து, “ஒம் புருஷன் இப்படிச் சொன்னானாம்லா, கிராணி சொன்னாரு” என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டை இரண்டு கட்டாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவ்வளவு கொடுக்கிறவரிடம் விதை கேட்டால் கொடுக்க மாட்டாரா? கொடுப்பார். ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். காரணத்தை எனக்குச் சொன்னது அடுத்த வரிசை வள்ளியக்கா.

“கேட்டு வாங்குன வெதை மொளைக்கும்டி, கொடியும் ஓடும். ஆனா காய்க்காது. திருடிக்கிட்டு வந்து போட்டாத்தான் காய்க்கும்.”

“யாருக்கா சொன்னா?”

“எவளைக் கேட்டாலும் சொல்லுவா. எங்கொடியைப் பாரு, எப்புடிக் காய்ச்சிருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏழாம் நம்பர் கம்புதான் தோது. வாழை மறைச்சிக்கும். முத்துன காயில ஒண்ணே ஒண்ணைக் கிள்ளி மடியில வச்சிக்கிட்டு திரும்பிப் பாக்காம வந்துடு. இந்த லயத்துல எல்லாரும் அப்புடித்தான்.”

எனக்குக் கதிகலங்கிவிட்டது. அந்த மனுஷர் பார்த்துவிட்டால்? மறுநாள் காலையில் சைக்கிளை நிறுத்தி, “மருமவளே, நேத்து நீ திருடினே” என்பார், அத்தையை வைத்துக்கொண்டே. வேண்டவே வேண்டாம் சாமி என்று விட்டுவிட்டேன். லயத்தில் ஊதாமூக்குக் கொடி இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான்.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. கோயிலில் ஒவ்வொரு நாள் சுண்டலும் ஒரு வீட்டு உபயம். எங்களுக்கு ஒன்பதாம் நாள். அன்று பார்த்து அத்தையின் தங்கை மகளுக்குப் பிரசவம் என்று புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து ஆள் வந்துவிட்டது. “கடையில கடலை வாங்கி அவிச்சிடு, தேங்கா நெறையப் போடு” என்று சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறிவிட்டார். நான் கடைக்குப் போனால் கொண்டைக்கடலை தீர்ந்துவிட்டது. எட்டு நாள் சுண்டல் அவித்த தோட்டத்தில் ஒன்பதாம் நாள் கடலை கிடைக்குமா என்று முதலிலேயே நினைத்திருக்க வேண்டும். டவுனுக்குப் போய் வரலாமென்றால் பஸ் போய்விட்டது. வீட்டுக்காரர் லோரியோடு கிள்ளானில் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அலமாரியை உருட்டினேன். மேல்தட்டில் ஒரு பெரிய பால்மாவு டின். திறந்தால் காராமணிப் பயறு, தளும்பத் தளும்ப. பூச்சி அண்டாமல் சாம்பல் கலந்திருந்தது. அத்தை எவ்வளவு கெட்டிக்காரி என்று மனசாரப் புகழ்ந்தேன். கழுவி ஊறவைத்து, சாயங்காலம் அவித்து, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு முழுத் தேங்காயைத் துருவிக் கொட்டினேன். சின்னத் தோட்டம், ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது. என் கைச் சமையலை ஊரே புகழ்ந்த முதல் நாள் அது. ஜாகா இலையை நீட்டி இரண்டாம் தடவை வாங்கினார்.

“மருமவளே, சுண்டல் நல்லாருக்கு. ரசத்தை விட.”

விஜயதசமி காலையில் ஜாகா குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு வாசலில் வந்து நின்றார். நல்ல நாளில் விதைப்பது அந்த அம்மாவின் வழக்கமாம். பழைய கொடிகளைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, கம்பு மாற்றி எல்லாம் தயாராக இருந்தது.

“அத்த இல்லியா? சரி, நீயே எடு. மேல் தட்டுல என் வெதை டின்னு இருக்கும். எங்க வீட்டு அடுப்படி ஒழுகுதுன்னு அதுகிட்டக் குடுத்து வச்சிருந்தேன்.”

டவுனில் வளர்ந்த எனக்குப் பயத்தங்காய் தெரியும். அது முத்திக் காய்ந்தால் உள்ளே இருப்பது காராமணி மாதிரியே இருக்கும் என்று யார் சொன்னார்கள்? உள்ளே போய்க் காலி டின்னை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். பொய் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. எலி தின்றுவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

“மாமா... நேத்து சுண்டல்...”

டின்னுக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டின்னுக்குள் பார்த்தார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாருக்கும் பத்தாதுன்னு எல்லாத்தையும் போட்டுட்டேன் மாமா.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூடியைத் தேடி வாங்கி, காலி டின்னை இறுக்கமாக மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பின்கதவு வழியாகப் பார்த்தேன். மொட்டைக் கம்புகளுக்கு நடுவில் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியுடையது என்று அவரிடம் மிச்சம் இருந்தது அந்த விதை ஒன்றுதான். அதில் நானும் ஒரு கரண்டி தின்றிருக்கிறேன். அவரும் இரண்டு கரண்டி தின்றிருக்கிறார்.

மூன்று நாள் பெரட்டு இல்லை. எனக்குத் தோசை கருகியது. நாலாம் நாள் அத்தை வந்தார். அலமாரியைப் பார்த்ததும், “ஜாகா டின்னு எங்க?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் வாசலில் சைக்கிள் நின்றது. சரி, இன்றோடு நம் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“டின்னு எங்கிட்ட இருக்கு,” என்றார் ஜாகா.

அவ்வளவுதான். வாய் மறுபடி திறந்தது. மூடிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பெல் அடிக்கக்கூட மறந்து போய்விட்டார். இந்த மனுஷர் எனக்காக வாயைக் கட்டுகிறார் என்று புரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மத்தியானமே வள்ளியக்காவிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அடியே! அந்தச் சுண்டலா அது!” என்று வள்ளியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “வெதைக்கா பஞ்சம்? நம்ம எல்லா வீட்டுலயும் இருக்கு. ஆனா எடுத்துக் குடுத்தா காய்க்காதே.”

“அப்ப?”

“அவருதான் வந்து திருடணும்.”

தோட்டத்து ஜாகாவைத் திருடச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சுண்டல் அவித்தவள் நான்தானே. சாயங்காலம் அவர் கொல்லைக்குப் போனேன். கம்புகளைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“திருடுறதா? நானா? என்னா பேச்சு பேசுற நீ?” காது சிவந்துவிட்டது.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. லயத்துல எல்லா வீட்டுலயும் இருக்கறது ஒங்க வெதைதான். ஒங்களுக்குத் தெரியாம எடுத்துக்கிட்டு போயிருக்காங்க.”

“எனக்குத் தெரியாமயா?” மனுஷருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வள்ளி ரெண்டு தடவ. பூசாரி பொஞ்சாதி தைப்பூசத்துக்கு மறுநாள், ஈரச் சேலையோட. கிராணியம்மா வெத்திலை கிள்ள வந்த மாதிரி வந்திச்சி. கங்காணி மருமக நாலு காய், ஒண்ணு போதாதா? ஏழாம் நம்பர் கம்பை வாழைக்குப் பக்கத்துல எதுக்கு நட்டிருக்கேன்னு நெனச்ச? அதுல முத்த விட்டு வக்கிறதே அதுக்குத்தான்லா.”

“பாத்துட்டு எப்புடி மாமா சொல்லாம இருந்தீங்க? நீங்களா?”

கம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“கல்யாணமான புதுசுல ஒருத்தி கிள்ளுனதைப் பாத்துட்டு கொழாயடியில வச்சிச் சொல்லிட்டேன். அவ கொடி காய்க்கல. அவ எங்க வீட்டு வாசப்படி மிதிக்கவும் இல்ல. அன்னைக்கு இது,” என்று மண்ணைக் காட்டினார், மனைவியைக் காட்டுகிற மாதிரியே, “என்னை உக்கார வச்சி சத்தியம் வாங்கிடிச்சி. நீங்க எதையெல்லாம் பாத்தாலும் சொல்லுங்க. பயத்தங்கா கிள்ளுறவளைப் பாத்தா மட்டும் வாயைத் தொறக்கப்படாதுன்னு. அதுலேருந்து இந்த ஒண்ணைத்தான் சொல்லாம வச்சிருக்கேன். எம்புட்டு கஷ்டம் தெரியுமா ஒனக்கு? சில நாளு ராவெல்லாம் நெஞ்சை அடைக்கும்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் செய்தேன். அந்த அம்மாவின் விதைக்காக என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நாலரை மணிக்கு, வேலை விட்டு எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், ஜாகா திருடப் போனார். வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். காக்கி உடுப்பிலேயே வந்தார், விசிலும் கழுத்தில் தொங்க. நான் பத்தடி பின்னால் நடந்தேன். வள்ளியக்கா சுண்டல் கதையை மட்டும் விட்டுவிட்டு எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஜாகா வருவதைப் பார்த்ததும் லயத்துப் பெண்களுக்கு நடிப்பு கரைபுரண்டது. பூசாரி மனைவி கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தில் மேகம் பார்த்தார். கிராணியம்மா, “எனக்கு ரெண்டு நாளா கண்ணே தெரிய மாட்டேங்குது” என்று யாருமில்லாத வாசலைப் பார்த்துச் சொன்னார். வள்ளியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு, “நான் குளிக்கப் போறேன், வர அரை மணி ஆகும்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுப் போனார். வாளியில் துண்டுகூட இல்லை.

ஜாகா ஒவ்வொரு கொடியிலும் ஒரே ஒரு காய்ந்த காயைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினார். சட்டைப் பையில் வைத்து பட்டனைப் போட்டுக்கொண்டார். வள்ளியக்கா வீட்டுக் கொடியில் கிள்ளும்போது, உள்ளிருந்து அக்காவின் சின்ன மகள் வந்து நின்று, “ஜாகா தாத்தா திருடுறாரு!” என்றது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது போல. சட்டென்று விறைப்பாக நிமிர்ந்து, சல்யூட் வைக்கக் கையைத் தூக்கி, “ஆமா, நான்...” என்று ஆரம்பித்துவிட்டார். நான் இருமினேன். இருமலா அது, லோரி ஹாரன். கையை இறக்கிக்கொண்டு, வாயை இறுக மூடி, குழந்தையின் தலையைத் தடவிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

ஐந்தாம் நாள் முளைத்துவிட்டது. ஆறாம் நாள் காலையில் நான் தோசைக்கல்லை வைத்தபோது கொல்லையிலிருந்து குரல் வந்தது. “ஒண்ணு... வந்தாச்சு. ரெண்டு... வந்தாச்சு.” கல்லை இறக்கி வைத்துவிட்டுப் பதினாலு வரைக்கும் நின்று கேட்டேன். கார்த்திகை முடிவதற்குள் ஊதாமூக்கு தரையைத் தொடத் தொங்கியது. முதல் கட்டை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டு வந்தார். “ஒண்ணைக்கூடக் காய விடாதே, அவிச்சிடுவ” என்றார். அத்தைக்கு அது ஏன் என்று கடைசிவரை தெரியாது.

தை பிறந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. லயத்தில் எங்கள் கொல்லை மட்டும் மொட்டையாக இருக்கிறதே. ஒரு காலையில், அவர் பெரட்டுக்கு வருமுன் எடுத்துவிடலாம் என்று வாழையை ஒட்டி நுழைந்தேன். ஏழாம் நம்பர் கம்பில் இரண்டு காய் முத்திப் பழுத்துத் தொங்கின. அவர் கிள்ளுகிற மாதிரியே நகத்தால் கிள்ளினேன். அதற்குள் அந்தப் பக்கம் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

“ஒண்ணு... வந்தாச்சு. ரெண்டு... வந்தாச்சு.”

ஓடினால் இலை அசையும். காயைக் கைக்குள் மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். “அஞ்சு... வந்தாச்சு.” வாழை இலைக்குக் கீழே காக்கிக் கால்சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் தெரிந்தன. “ஆறு... வந்தாச்சு.” சப்பாத்து ஓர் எட்டு எடுத்து வைத்து எனக்கு நேர் எதிரே நின்றது. மூச்சை அடக்கினேன். அவரும் மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது. தொண்டையை ஒரு தடவை செருமினார். பிறகு சப்பாத்து மெல்லத் திரும்பி அடுத்த வரிசைக்கு நடந்தது.

“எட்டு... வந்தாச்சு.”